கூட்டிக் காட்டிய மூன்று

லெய்டன் நகரில் கணினிகளை மோதவிடும் அந்தச் சதுரங்கப் போட்டிக்கு வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார்கள். எதிரே இருப்பவனின் கணினித் திரையை எட்டிப் பார்ப்பார்கள். திரையின் இடது மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். அவன் எழுதிய சதுரங்கப் புரோகிராம் எத்தனை படி ஆழம் வரை யோசிக்கிறது என்று சொல்லும் எண். அதைப் பார்த்த பிறகுதான் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்ற கேள்வி. எண் சின்னதாக இருந்தால் அந்தக் கேள்வியும் கிடையாது.

கூர்ட்டின் எண் எட்டு.

வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று அவனை யாரும் கேட்டதில்லை. வீட்டில் அவன் ஒருவன்தான் என்பது வேறு விஷயம். முதன்முதலில் லெய்டனுக்கு வந்தபோது அவன் எண் ஆறாக இருந்தது. எட்டு வருடங்களில் இரண்டு படி ஏறியிருந்தான். இதே வேகத்தில் போனால், மற்றவர்கள் இன்று நிற்கும் இடத்தை ஐம்பது வயதில் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். அதுவரை மற்றவர்கள் அங்கேயே நின்று காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சதுரங்கத்தில் ஒரு நிலையில் முப்பது நகர்த்தல்களாவது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிராளியிடம் முப்பது பதில். ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி முப்பது. மரம்போல் கிளை பிரிந்துகொண்டே போகும். நாலு படி இறங்குவதற்குள் எட்டு லட்சம் இலைகள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தால் ஓர் ஆட்டம் முடிவதற்குள் ஆடுகிறவர்கள் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால்தான் கவாத்து. இந்தக் கிளை உருப்படாது என்று தெரிந்தால் வெட்டிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நன்றாக வெட்டத் தெரிந்தவனின் மரம் ஒல்லியாக, ஆழமாக இறங்கும். கூர்ட்டின் மரம் வேலியோரத்துப் புதர்போல் பக்கவாட்டில் பரவிக் கிடந்தது. எதை வெட்டவும் அவனுக்கு மனம் வராது. அவன் சமையலறையில் ஓட்டை விழுந்த கெட்டில்கள் மூன்று இருந்தன. ஒன்று நீல நிறம் என்பதால், ஒன்று மூடி நன்றாக இருப்பதால், மூன்றாவது மற்ற இரண்டும் இருப்பதால்.

தன் புரோகிராமுக்கு அவன் வைத்திருந்த பெயர் மோல். அகழெலி என்று அர்த்தம். ஆழமாகத் தோண்டும் என்று ஆசைப்பட்டு வைத்த பெயர்.

அந்த வருடம், தொண்ணூற்றெட்டு அக்டோபரில், அவன் வேலை பார்த்த சர்க்கரை ஆலையில் பீட்கிழங்கு லாரிகள் வரிசைகட்டி நின்றுகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், ஆய்வுக்கூடத்தில் இரண்டு சோதனைக் குழாய்களுக்கு நடுவில், அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். ஆழத்தைத் திரையில் எழுதும் வரியைத் திறந்து, எண்ணோடு மூன்றைக் கூட்டினான். நகர்த்தல்களைத் தேடிப் பார்க்கும் பகுதியைத் தொடவே இல்லை. மோல் பழையபடி எட்டுப் படிதான் இறங்கும். திரையில் மட்டும் பதினொன்று என்று தெரியும். பத்திரிகையில் துணை தேடி விளம்பரம் கொடுக்கிறவன் உயரத்தில் இரண்டு அங்குலம் சேர்த்துப் போடுவதில்லையா, அந்த மாதிரி சின்ன விஷயம் என்று நினைத்தான். அப்படி விளம்பரம் கொடுத்தவனும் ஒருநாள் நேரில் போய் நிற்க வேண்டும் என்பது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

நவம்பர் முதல் சனிக்கிழமை, இரண்டாவது சுற்றில் மோல் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்பதில் கூர்ட்டுக்கு அனுபவம் உண்டு. பக்கத்து மேசையில் தன் ஆட்டத்தை முடித்துவிட்டு எழுந்த ஓர்ட்ருன் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

பிரேமனிலிருந்து வருடாவருடம் வருகிற ஓர்ட்ருனுக்கு ஐம்பது வயதுக்கு மேல். காப்பீட்டு அலுவலகத்தில் யார் எப்போது சாவார்கள் என்று கணக்கிடுகிற வேலை. அவளுடைய புரோகிராமின் பெயர் காக்கை. சென்ற வருடம் இரண்டாம் இடம், அதற்கு முந்தின வருடமும் இரண்டாம் இடம். எட்டு வருடங்களில் அவள் கூர்ட்டிடம் பேசியது மூன்று முறை. மூன்றும் கோட்டு மாட்டும் இடம் பற்றியது.

"இது என்ன, பதினொண்ணா?" என்றாள்.

"ஆமாங்க."

"இந்த டப்பாவிலயா? தொண்ணூத்தஞ்சுல வாங்கினதுதானே இது?"

"தொண்ணூத்திநாலுங்க." இருக்கிற பொய் போதாதென்று பெட்டிக்கும் ஒரு வயதைக் கூட்டினான்.

"என் காக்கை புது மிஷின்ல ஓடுது. பத்தைத் தாண்ட மாட்டேங்குது. எப்படிப்பா பண்ணே?"

உண்மையைச் சொல்ல அது நல்ல சமயம். ஒரே வாக்கியம். இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். கூர்ட்டின் மூளை அப்போது சரியாக ஒரு படி ஆழம் வரை யோசித்தது.

"எல்லாம் கவாத்துதாங்க" என்றான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் தன் சூப் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவன் மேசைக்கே வந்துவிட்டாள். பட்டாணி சூப், கரண்டி நட்டால் நிற்கிற மாதிரி கெட்டியாக. ஓர் உறையின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

"சொல்லு."

கூர்ட் சூப்பைப் பார்த்தான். சூப்பில் ஒரு விதி மிதந்து வந்தது.

"நல்லதா தோணுற நகர்த்தலை முதல்ல வெச்சு வரிசைப்படுத்துறோம் இல்லீங்களா? அந்த வரிசைல நாலாவதுக்கு அப்புறம் வர்றதை எல்லாம் மோல் முழுசாப் பாக்காது. பாதி ஆழம் பாக்கும். அங்க ஒண்ணும் இல்லேன்னா விட்டுடும்."

"பாதியா!" ஓர்ட்ருன் கரண்டியைக் கீழே வைத்தாள். "ராணியைத் தூக்கிக் குடுக்கிற மாதிரி நகர்த்தல் எல்லாம் வரிசைல கடைசிலதான்ப்பா வரும். அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமப் போயிடாதா?"

"போகலீங்க. எட்டு மாசம் சோதிச்சுப் பாத்தேன். ஆயிரத்து எண்ணூறு ஆட்டம்."

ஆயிரத்து எண்ணூறு. சொன்ன பிறகு அவனுக்கே அந்த எண் பிடித்திருந்தது. இரண்டாயிரம் என்றால் சந்தேகம் வரும். ஆயிரத்து எண்ணூறு என்பதில் உழைப்பு தெரிந்தது.

அவள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, அடிக்கோடும் போட்டாள். பிறகு பேனாவை மூடிவிட்டு வேறு விஷயம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"லுட்ஸ் போயிட்டான், தெரியுமா? பத்து வருஷமா காக்கைல தேடற பகுதியெல்லாம் அவன்தான் எழுதினான். பேங்க்ல வேலை கெடச்சு போயிட்டான். ஜூலைல உலகப் போட்டி வருது. எனக்கு ஒரு கூட்டாளி வேணும். நீ வர்றியா?"

கூர்ட்டின் வாய் நிறைய சூப் இருந்தது. எட்டு வருடங்களாக இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொன்னால் பொய். இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கும் அளவுக்குத் தன்னைப் பற்றி அவன் நினைத்ததே இல்லை. ஆனால் லெய்டனிலிருந்து வீட்டுக்குப் போகும் ரயிலில் ஒவ்வொரு வருடமும், வேறு யாரோ ஒருவனுக்கு அந்தக் கேள்வி வந்து, அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று கௌரவமாகத் தலையசைப்பதைக் கற்பனை செய்து பார்த்திருக்கிறான்.

"வர்றேன்" என்றான், விழுங்காமலே.

"நாளைக்குக் கடைசிச் சுற்று முடியட்டும். உக்காந்து பேசி முடிவு பண்ணிடலாம்" என்றாள் ஓர்ட்ருன்.

போட்டி நடக்கும்போது புரோகிராமில் கை வைக்கக் கூடாது என்பது அந்தக் கூட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் அறிவுரை. சொல்லிவிட்டு எல்லோரும் கை வைப்பார்கள். ஓர்ட்ருன் சாப்பாட்டு இடைவேளையில் மிச்சமிருந்த இருபத்தைந்து நிமிடங்களில் கை வைத்தாள்.

மூன்றாவது சுற்றில் காக்கைக்கு எதிராளி, வுப்போவின் பான்கேக். வுப்போ எம்மன் ஊரில் பூகோள வாத்தியார். அவன் திரையில் ஏழு என்ற எண் உள்ளங்கை அகலத்தில் ஓடும். ஏழு என்பதில் அவனுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. வருகிற வழியில் நல்ல ஆப்பிள் கேக் எங்கே கிடைக்கும் என்பதில்தான் அவன் கவனமெல்லாம்.

அங்கே ஆட்டம் நடப்பது மரப்பலகையில்தான். யோசிப்பது பெட்டி. அது சொன்ன நகர்த்தலைப் பலகையில் நகர்த்தி, கடிகாரத்தைத் தட்டி, எதிராளியின் நகர்த்தலைப் பெட்டிக்குத் தட்டச்சு செய்து சொல்வது மனிதர்கள். கூலி வாங்காத வேலைக்காரர்கள். கூர்ட் தன் ஆட்டத்தை நடத்திக்கொண்டே பக்கத்து மேசையைப் பார்த்தான். காக்கையின் திரையில் பன்னிரண்டு என்று ஓடியது. அவன் தன் கடிகாரத்தைத் தட்ட மறந்தான்.

இருபத்துநாலாவது நகர்த்தலில் பான்கேக் தன் யானையை ஒரு சிப்பாய்க்காகத் தூக்கிக் கொடுத்தது. அது பொறி என்பது ஏழு படி பார்க்கிறவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். காக்கை யானையைச் சந்தோஷமாகச் சாப்பிட்டது. நாலே நகர்த்தலில் அதன் ராஜா மூலையில் செத்துக் கிடந்தார்.

"ஓர்ட்ருன்," வுப்போ நம்ப முடியாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "உன் காக்கா கண்ணை மூடிக்கிட்டா பறக்குது? நான் வேணா மறுபடி வெக்கறேன், நீ வேற ஏதாச்சும் ஆடு."

"போய்யா, போய் கேக்கைத் தின்னு" என்றாள் அவள். முகம் சிவந்திருந்தது.

மூன்று சுற்றும் முடிந்து எல்லோரும் பீர் வாங்கப் போன பிறகு, அவள் கூர்ட்டைக் கூப்பிட்டாள்.

"நான்தான் எங்கயோ தப்பாப் போட்டிருக்கேன். அவசரத்துல எழுதினது. உன்னோடதுல இப்படி வரலேன்னே. வா, ஒரு பார்வை பாரு."

அவன் உட்கார்ந்து படித்தான். நாற்பது வரிகள். அழகான வரிகள். ஒவ்வொன்றின் மேலும் அது எதற்கு என்று ஒரு குறிப்பு. மேலே, பெரிய எழுத்தில், 'கூர்ட்டின் விதி' என்று எழுதியிருந்தாள். அவன் இரண்டாவது முறையும் படித்தான். எங்கேயும் ஒரு பிசகு இல்லை. அவன் சொன்னதை அப்படியே, அவன் எழுதியிருந்தால் எழுதியிருப்பதைவிட நன்றாக எழுதியிருந்தாள். சொன்னதுதான் குப்பை.

பக்கத்தில் நின்றுகொண்டு அவள் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். "இருபத்தஞ்சு நிமிஷத்துல எழுதறேன்னு உக்காந்தா இப்படித்தான். புத்தி வேணாம்? இந்த வயசுல!"

"சரியாத்தாங்க இருக்கு" என்றான் கூர்ட்.

"அப்ப ஏன் அந்த யானை தெரியல?"

"எப்பவாச்சும் ஒரு தடவை..."

"ஆயிரத்து எண்ணூறுல எத்தனை தடவை வந்துச்சு உனக்கு?"

"ரெண்டு."

"என் அதிர்ஷ்டம்" என்றாள் ஓர்ட்ருன். பெட்டியை அணைத்தாள்.

ஞாயிறு காலை நாலாவது சுற்றில் காக்கை, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைச் சமன் செய்தது. முதலிடம் கைவிட்டுப் போய்விட்டது. கூர்ட் கணக்குப் போட்டான். மூன்று படிப் பொய்க்கு ஒன்றரைப் புள்ளி. அதுவும் தன் புள்ளி இல்லை. மோல் இதற்குள், யாரும் எதிர்பாராமல், அவனும் எதிர்பாராமல், இரண்டரைப் புள்ளி சேர்த்திருந்தது. காக்கைக்கும் இரண்டரை. கடைசிச் சுற்றுக்கான தாளை நடுவர் லாமர்ஸ் சுவரில் ஒட்டினார். காக்கை எதிர் மோல்.

தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. கூர்ட் தன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, செய்வதற்கு எதுவும் இல்லாததால், திரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஓர்ட்ருன் கையில் ஒரு க்ரோக்கெட்டோடு வந்தாள். கறி அடைத்துப் பொரித்த சூடான உருளை, காகிதத் தட்டு, ஓரத்தில் கடுகுச் சாந்து.

"இப்ப உன்கூடத்தான் ஆடப் போறேன். உன்னையே கேக்கறது முறையில்லதான். ஆனாலும் கேக்கறேன். அந்த விதியை எடுத்துடவா, விட்டு வைக்கவா? எடுத்தா பழைய பத்துக்குப் போயிடுவேன். ஆயிரத்து எண்ணூறு ஆட்டம் பாத்தவன் நீ. நீ என்ன சொல்றியோ அதைச் செய்றேன்."

கூர்ட் யோசித்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒழுங்காக யோசித்தான். 'விட்டு வைங்க' என்றால் காக்கை மறுபடி குருடாகும், மோல் ஜெயிக்கும், அவன் வாழ்நாளில் முதல்முறையாக மூன்றரைப் புள்ளி எடுப்பான். அவள் அப்போதும் தன்னைத்தான் திட்டிக்கொள்வாள். ஜூலையில் இருவரும் போவார்கள். போவதற்கு முன்னால் ஒருநாள் அவள் மோலின் வரிகளைத் திறப்பாள். 'எடுத்துடுங்க' என்றால் ஏன் என்பாள். மெஷின் கோளாறு என்றால் எந்தக் கோளாறு என்பாள். அவன் எந்தக் கிளையில் இறங்கினாலும் அடியில் ஓர்ட்ருன் நின்றுகொண்டிருந்தாள், கையில் க்ரோக்கெட்டோடு.

அவன் விசைப்பலகையை இழுத்து, மோலின் கோப்பைத் திறந்து, அந்த வரிக்குப் போனான். விரலால் காட்டினான். வாயால் சொல்லத் தைரியம் இல்லை.

ஓர்ட்ருன் குனிந்து படித்தாள்.

"கூட்டல் மூணு" என்றாள்.

"ஆமாங்க."

"திரைல காட்டறதுக்கு மட்டும்."

"ஆமாங்க."

"அப்ப நிஜமா எட்டு."

"எட்டுங்க. நல்ல நாள்ல ஒன்பது." இந்த இடத்திலும் ஒன்றைக் கூட்டப் பார்க்கிறோமே என்று அவனுக்கே உறைத்தது. "இல்ல, எட்டுதான்."

"ஆயிரத்து எண்ணூறு ஆட்டம்?"

"இல்லீங்க."

"எத்தனை?"

"ஒண்ணுகூட இல்ல. சூப் குடிக்கும்போது தோணினது."

தட்டு சாய்ந்து கடுகுச் சாந்து அவன் விசைப்பலகையில் வழிந்தது. இரண்டு பேரும் அதைத் துடைக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான். அவளோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இதை யாருமே சோதிச்சுப் பாத்ததில்ல" என்றாள். "நீயும்கூட."

"பொய்னு தெரிஞ்சதை எதுக்குங்க சோதிக்கணும்?"

அவள் தன் மேசைக்குப் போனாள். க்ரோக்கெட்டை அவன் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். நாற்பது நிமிடம் அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. கூர்ட் தன் வரியிலிருந்து கூட்டல் மூன்றை அழித்தான். அழிக்க நாலு விநாடி ஆயிற்று. தேடும் பகுதியைத் திருத்தியிருந்தால் எட்டு மாதம் ஆகியிருக்கும். அந்த எட்டு மாதம் அவன் சொன்ன பொய்யில்தான் இருந்தது, ஆலை ஆய்வுக்கூடத்தில் இல்லை.

நடுவர் லாமர்ஸ் மணி அடித்தார்.

அந்தப் போட்டியின் கொடுமை அதுதான். யாரிடம் என்ன அவமானப்பட்டிருந்தாலும், அவர்களுக்கு எதிரே இரண்டடி தூரத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு பெட்டிக்காகக் காய் நகர்த்த வேண்டும். கூர்ட் கறுப்புக் காய்களை நேராக்கினான். நேராக இருந்தவற்றை மறுபடி நேராக்கினான்.

காக்கையின் திரையில் பன்னிரண்டு என்று ஓடியது. அவள் விதியை எடுக்கவில்லை. கோபத்தில் விட்டுவிட்டாள் என்று நினைத்தான். தான் வாங்க வேண்டிய தண்டனையை அவள் தனக்கே கொடுத்துக்கொள்கிறாளே என்று அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

பத்தொன்பதாவது நகர்த்தலில் மோல் ஒரு பொறி வைத்தது. குதிரையைச் சும்மா நிறுத்தி வைத்தது. எடுத்தால் ஆறு படி கழித்து ராணி போய்விடும். முந்தைய நாள் காக்கையாக இருந்தால் எடுத்திருக்கும். காக்கையின் திரையில் ஏதோ பளிச்சென்று ஒரு முறை ஓடி நின்றது. அது குதிரையைத் தொடவில்லை. மந்திரியை ஒரு கட்டம் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

கூர்ட் நிமிர்ந்து பார்த்தான். ஓர்ட்ருன் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"பாதி ஆழத்துல பாக்குது. பாத்ததுல எதிர்பாராம ஏதாச்சும் நல்லாத் தெரிஞ்சா, அந்த ஒண்ணை மட்டும் திரும்பவும் முழு ஆழத்துக்குப் பாக்குது. ஒரு வரிதான். நீங்க ஒரு மத்தியானம் ஒதுக்கியிருந்தா உங்களுக்கே கெடச்சிருக்கும்."

எட்டு வருடமாக அவனை நீ என்று சொன்னவள். கூர்ட் அந்த 'நீங்க'வை வாங்கிக்கொண்டு கடிகாரத்தைத் தட்டினான்.

அவன் பொய் உண்மையாகிவிட்டது. உலகத்தில் அதைச் சோதிக்காமல் இருக்க அவன் ஒருவனுக்குத்தான் காரணம் இருந்தது. அது பொய் என்று சொன்னபோதே தெரிந்திருந்தவன் அவன் மட்டும்தான்.

தன் ஆட்டத்தை முடித்துவிட்ட வுப்போ காபியோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னய்யா கூர்ட், உன் எலி எட்டுக்கு எறங்கிடுச்சு? காய்ச்சலா?"

"இல்ல. அதோட உயரமே அவ்ளோதான்."

"நேத்து பதினொண்ணு இருந்துச்சே!"

"அது நான் போட்டது."

வுப்போ காபியை ஒரு வாய் குடித்தான். "அட, நேத்து பூரா எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சுய்யா. அதைத் திருப்பிக் குடு" என்று சொல்லிவிட்டு, அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

முப்பதாவது நகர்த்தலில் மோல் தன் நிலைக்குத் தானே மைனஸ் ஒன்பது மதிப்பெண் போட்டுக்கொண்டது, ஒரு ராணியை இழந்ததற்குச் சமம். தோல்வியை ஒப்புக்கொள்ளும் உரிமை அங்கே மனிதனுக்கு இல்லை. எதிராளி சம்மதிக்க வேண்டும், பிறகு நடுவர் சம்மதிக்க வேண்டும். பெட்டி இன்னும் போராட விரும்புகிறதோ என்னவோ என்று ஒரு நியாயம். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

"தோத்துட்டேன்னு ஒத்துக்கறேங்க" என்றான் கூர்ட்.

"வேண்டாம்" என்றாள் ஓர்ட்ருன். "செக்மேட் வரைக்கும் போகட்டும்."

லாமர்ஸ் தோளைக் குலுக்கினார். இருபத்தொரு நகர்த்தல்கள். கூர்ட் தன் ராஜாவைத் தன் கையாலேயே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓட்டிக்கொண்டு போனான். மற்ற ஆட்டங்கள் முடிய முடியக் கூட்டம் சேர்ந்தது. பன்னிரண்டு படி என்றால் என்ன, எப்படி என்று காக்கையின் திரையைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். மோல் மட்டும் எட்டுப் படி வரை பார்த்து, நேர்மையாக, தான் எத்தனை நகர்த்தலில் சாகப் போகிறது என்பதைத் திரையில் எழுதிக்கொண்டே வந்தது. நாலு. மூன்று. இரண்டு.

முடிந்ததும் முடிவுத் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஜூலைக்கு நீங்க வேண்டாம், கூர்ட்."

"தெரியுங்க."

"தெரியாது உங்களுக்கு. பொய் சொன்னதுக்காகன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. இந்தக் கூடத்துல நாலு பேராவது எதையாச்சும் கூட்டித்தான் காட்டறாங்க. சனிக்கிழமை என் வரிகளைப் படிச்சீங்க. ரெண்டு தடவை படிச்சீங்க. பக்கத்துல நின்னு நான் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க 'சரியாத்தாங்க இருக்கு'ன்னீங்க."

கூர்ட் பேனாவைச் சட்டைப்பையில் செருகினான். தன்னைக் கேலி செய்துகொள்வதில் அவன் கெட்டிக்காரன். எந்த அவமானத்தையும் ஒரு சின்னச் சிரிப்பாக மாற்றி ரயிலில் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான். இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரிப்பு எங்கேயும் இல்லை.

"மன்னிச்சுக்குங்க" என்றான்.

அவள் தலையசைத்தாள். மன்னித்ததாகத் தெரியவில்லை, கேட்டுக்கொண்டதாகத்தான் தெரிந்தது. "விதியை உங்க பேர்லயே வெச்சிருக்கேன். மாத்தப் போறதில்ல."

"தயவுசெஞ்சு மாத்திடுங்க."

"ஐடியா உங்களோடது. அதுல நான் பொய் சொல்ல மாட்டேன்."

பரிசு கொடுக்கும்போது காக்கைக்கு மூன்றாம் இடம். லாமர்ஸ் அவளிடம், பத்திலிருந்து பன்னிரண்டுக்கு எப்படிப் போனீர்கள், இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார். அவள் சரியாக இரண்டு வார்த்தை சொன்னாள்.

"கூர்ட்டோட விதி."

இருபது தலைகள் திரும்பின. கோட்டு மாட்டும் இடத்துக்கு நழுவிக்கொண்டிருந்த கூர்ட்டை வுப்போ கையைப் பிடித்து இழுத்து வந்தான். சுற்றிலும் ஆட்கள். எட்டு வருடங்களில் அவன் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாதவர்கள்.

"எப்படிய்யா புடிச்சே இதை? எங்க தோணுச்சு?"

"பொய் சொல்லப் போய் மாட்டிக்கிட்டேன்" என்றான் கூர்ட்.

எல்லோரும் சிரித்தார்கள். "அடக்கத்தைப் பாருய்யா!" என்று யாரோ முதுகில் தட்டினார்கள்.

"இல்ல, நிஜமா. எண்ணைக் கூட்டி வெச்சிருந்தேன். எப்படின்னு கேட்டாங்க. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒரு ஆட்டம்கூட நான் ஆடிப் பாக்கல."

அவன் விவரமாகச் சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. இவ்வளவு வேடிக்கையான ஆள் இத்தனை வருடம் மூலையில் உட்கார்ந்திருந்தானே என்றார்கள். எண்ணைக் கூட்டியதை நேரிலேயே கேட்டிருந்த வுப்போகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

"சரி, சரி, கதை போதும். நாலாவதுக்கு அப்புறமே வெட்டணுமா, ஆறாவது வரைக்கும் விடலாமா? பான்கேக்குக்கு எது சரியா வரும்?"

"எனக்குத் தெரியாது, வுப்போ. அவங்களைத்தான் கேக்கணும்."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓர்ட்ருனின் மேசை காலியாக இருந்தது. பிரேமன் போகிறவர்கள் ஐந்தரை மணி வண்டியைப் பிடிக்க வேண்டும்.